சிரிப்பூட்டும் படப் புத்தகம் பிள்ளைக்கு என்ன தருகிறது?

பேரங்காடிப் புத்தகக் கடைகளில் இப்படி ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். நான்கு வயதுப் பிள்ளை பெரிய படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார். பக்கத்துக்கு ஒரு வரி, சில பக்கங்களில் அதுவும் இல்லை. ஒரு புறா பேருந்து ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அவ்வளவுதான் கதை. 'இதில் என்ன இருக்கிறது?' என்று அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, எழுத்தும் கணக்கும் உள்ள ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கூடையில் போடுகிறார்.

பிள்ளை மீது அக்கறை இல்லாமல் அந்தத் தாய் இப்படிச் செய்யவில்லை. கொடுக்கும் காசுக்குப் பிள்ளை ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவரது கணக்கு. கதை என்றால் முடிவில் ஒரு நீதி இருக்க வேண்டும், புத்தகம் என்றால் அதில் நிறையச் சொற்கள் இருக்க வேண்டும் என்பவை தமிழ்க் குடும்பங்களில் ஊறிப்போன எண்ணங்கள். சொற்கள் குறைவு, நீதி கிடையாது, சிரிப்பு மட்டும் உண்டு என்றால், அந்தப் புத்தகம் வெறும் விளையாட்டுப் பொருளாகத்தான் தோன்றும்.

ஆனால், வீட்டுக்கு வந்த பயிற்சிப் புத்தகம் இரண்டாம் வாரமே மூலைக்குப் போய்விடுகிறது. எங்கிருந்தோ கிடைத்த ஒரு சிரிப்புப் புத்தகத்தையோ 'இன்னொரு தடவை' என்று பிள்ளை ஒவ்வோர் இரவும் நீட்டுகிறது. இதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? நல்ல படப் புத்தகம் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அந்தக் காரணம் தானாக விளங்கும்.

படம் ஒன்று சொல்லும், சொல் வேறு சொல்லும்

படப் புத்தகமும் படம் போட்ட புத்தகமும் ஒன்றல்ல. படம் போட்ட புத்தகத்தில் சொற்கள் கதையைச் சொல்லிவிடும். படம் அதற்கு அலங்காரமாக இருக்கும். படப் புத்தகத்தில் சொல் பாதியைத்தான் சொல்லும், மீதியைப் படம் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும்.

இந்தக் கலைக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் இங்கிலாந்தின் ரண்டால்ஃப் கால்டிகாட். 1846ல் பிறந்து 1886ல் மறைந்த இந்த ஓவியர், 1882ல் ஒரு பழைய மழலைப் பாட்டுக்குப் படம் வரைந்தார். தட்டும் கரண்டியும் ஓடிப்போனதாக அந்தப் பாட்டு முடிகிறது. கால்டிகாட்டோ பாட்டு முடிந்த பிறகும் ஒரு படம் வரைந்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கிறது. கரண்டியை அதன் தாய் தந்தையரான முள்கரண்டியும் கத்தியும் நடுவில் விட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றன. பாட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே நேரத்தில் சிரிப்பையும் இரக்கத்தையும் வரவழைக்கும் இந்த உத்தி, பின்னால் வந்த படப் புத்தகக்காரர்களுக்குப் பாடமாக அமைந்தது. அமெரிக்காவில் சிறந்த படப் புத்தக ஓவியருக்கு 1938 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இதே உத்தியை இன்னும் தெளிவாகக் காட்டும் புத்தகம், பேட் ஹச்சின்ஸ் எழுதி வரைந்து 1968ல் வெளிவந்த 'ரோசிஸ் வாக்'. அதில் உள்ள சொற்கள் மொத்தம் 32 மட்டுமே. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலா போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது என்பதுதான் அந்தச் சொற்கள் சொல்லும் செய்தி. படத்திலோ கோழிக்குப் பின்னால் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வருகிறது. ஒரு முறை தோட்டத்து வாரியின் மேல் கால் வைத்து, அதன் கைப்பிடியால் மூக்கில் அடி வாங்குகிறது. அடுத்த முறை குளத்தில் விழுகிறது. மாவு மூட்டை அதன் தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடிப்போகிறது. கோழி ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'நரி' என்ற சொல்லே புத்தகத்தில் எங்கும் கிடையாது.

படித்துக் காட்டும் அப்பா கோழியின் நடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மடியில் இருக்கும் பிள்ளையோ 'நரி! நரி!' என்று கத்துகிறது. கோழிக்குத் தெரியாதது அதற்குத் தெரிகிறது. சொல்லிலே இல்லாததும் தெரிகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளை, எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவரைவிட முன்னால் போய்விடும் இடம் இது. 'எனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம்' என்ற உண்மையைப் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கு வயதில்தான் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குழந்தை உளவியல் கூறுகிறது. அந்தப் பெரிய அறிவை ஒரு கோழியும் நரியும் சிரிக்க வைத்தே கொடுத்துவிடுகின்றன.

'கூடாது' என்று சொல்லும் உரிமை

இனி, அந்தப் பேருந்துப் புறாவுக்கு வருவோம். அமெரிக்காவின் மோ வில்லெம்ஸ் உருவாக்கிய அந்தப் புத்தகம் 2003ல் வந்தது. பேருந்து ஓட்டுநர் சற்று நேரம் வெளியே போகிறார். போகும்போது, புத்தகம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, புறாவை ஓட்ட விடாதே என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு புறா வருகிறது. கெஞ்சுகிறது, பேரம் பேசுகிறது, பொய் சொல்கிறது, கடைசியில் தரையில் புரண்டு அழாத குறையாகக் கத்துகிறது. பதில் சொல்ல வேண்டியது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான். அது ஒவ்வொரு பக்கத்திலும் 'கூடாது!' என்று சொல்கிறது.

மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். காலை எழுந்ததிலிருந்து 'தொடாதே', 'ஏறாதே', 'இப்போது வேண்டாம்' என்று கேட்டுக் கேட்டே அதற்கு நாள் போகிறது. இந்தப் புத்தகத்தில்தான் முதன்முறையாக 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் அதன் கைக்கு வருகிறது. புறா செய்யும் ஒவ்வோர் அடமும் நேற்று தான் செய்த அடம் என்பது பிள்ளைக்குத் தெரியும். தன்னையே வெளியே நின்று பார்த்துச் சிரிக்க அது கற்றுக்கொள்கிறது. 'அடம்பிடிக்கக்கூடாது' என்று பத்து முறை அறிவுரை சொல்வதைக் காட்டிலும் இந்தச் சிரிப்பு ஆழமாகப் போகும்.

பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் இன்னொரு வழி, நடக்க முடியாத ஒன்றை வெகு சாதாரணமாகச் சொல்வது. ஜூடித் கெர் எழுதி வரைந்து 1968ல் வெளியான 'தி டைகர் ஹூ கேம் டு டீ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாயும் மகளும் தேநீர் அருந்தும் வேளையில் கதவு தட்டப்படுகிறது. திறந்தால், வாசலில் ஒரு பெரிய புலி. அவர்கள் அலறவில்லை, உள்ளே அழைத்து உபசரிக்கிறார்கள். புலி மேசையில் உள்ளதை எல்லாம் தின்று, குழாய்த் தண்ணீரையும் தீரக் குடித்துவிட்டு மரியாதையாக விடைபெறுகிறது. வேலை முடிந்து வந்த அப்பா, அனைவரையும் உணவகத்துக்கு அழைத்துப் போகிறார். குழாயில் தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று பெரியவர் யோசிப்பார். பிள்ளைக்கோ அதுதான் கதையின் உச்சக்கட்டம்.

கெர் 1923ல் பெர்லினில் பிறந்தவர். அவருடைய தந்தை நாஜிகளை எதிர்த்து எழுதிய புகழ்பெற்ற நாடக விமர்சகர். 1933ல் குடும்பம் ஜெர்மனியை விட்டுத் தப்பியது. கெர் பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தார். வாசலில் நிற்கும் அந்தப் புலி, நள்ளிரவில் கதவைத் தட்டும் நாஜிக் காவலரின் சாயல் என்று சிலர் விளக்கம் சொன்னதுண்டு. கெர் அதை ஏற்கவில்லை. அது வெறும் புலிதான் என்றார். தம் சின்ன மகளுக்குச் சொல்லிக் சொல்லிப் பழகிய கதையையே அவர் புத்தகமாக்கினார். 2019ல், 95 வயதில் அவர் காலமானார். வீட்டையே இழந்து ஓடிய ஒரு சிறுமி, பெரியவளாகி எழுதிய கதையில் வீடு பத்திரமாகவே இருக்கிறது என்பது மனத்தைத் தொடும் செய்தி.

பயத்தைச் சிரித்துக் கடப்பது

சிரிப்பும் பயமும் அண்டை வீட்டுக்காரர்கள். ஜூலியா டொனால்ட்சன் எழுத, ஆக்சல் ஷெஃப்ளர் வரைந்து 1999ல் வெளிவந்த 'தி கிரஃபலோ' இதை நன்றாகக் காட்டும். காட்டுக்குள் நடந்து போகும் ஒரு சுண்டெலியை நரி, ஆந்தை, பாம்பு என்று ஒவ்வொன்றும் தின்னப் பார்க்கிறது. கிரஃபலோ என்ற பயங்கர விலங்கைச் சந்திக்கப் போவதாகப் பொய் சொல்லிச் சுண்டெலி தப்பிக்கிறது. கடைசியில் அந்த விலங்கே நேரில் வந்து நிற்கிறது! சுண்டெலி அசரவில்லை. 'இந்தக் காட்டில் எல்லாரும் என்னைக் கண்டுதான் அஞ்சுவார்கள், பின்னால் வந்து பார்' என்று அழைத்துப் போகிறது. கிரஃபலோவைப் பார்த்து மற்ற விலங்குகள் ஓட, தன்னைப் பார்த்துத்தான் ஓடுகின்றன என்று சுண்டெலி கதை கட்டிவிடுகிறது.

இந்தக் கதைக்கு மூலம், புலியைப் பின்னால் நடக்கவிட்டுக் காட்டையே அச்சுறுத்திய நரியைப் பற்றிய சீனப் பழங்கதை. டொனால்ட்சன் முதலில் புலியை வைத்தே எழுத முயன்றார். ஆங்கிலத்தில் புலிக்கு எதுகை சரியாக அமையவில்லை. அதனால், உறுமலைப் போல் தொடங்கும் ஒரு புதுப் பெயரைக் கற்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் கிரஃபலோ. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான கதை அல்ல. மலாய்க் கதைகளில் வரும் சருகுமான், புலியையும் முதலையையும் ஏமாற்றிப் பிழைக்கும் அதே சின்ன உயிர்தான். உருவத்தில் சிறியது, புத்தியால் பெரியதை வெல்வதைக் கேட்கும்போது, வீட்டிலேயே மிகச் சிறிய ஆளாக இருக்கும் பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1963ல் மாரிஸ் செண்டாக் படைத்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்திலும் பயங்கர உருவங்கள் வருகின்றன. அவற்றுக்கு மாதிரியாக இருந்தவர்கள் யார் தெரியுமா? செண்டாக் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, கன்னத்தைக் கிள்ளி, 'உன்னை அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது' என்று கொஞ்சிய உறவினர்கள்தான். நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட மாமாக்களும் அத்தைகளும் இல்லாமல் இல்லை.

அந்தக் கதையில் குறும்பு செய்த சிறுவன் மேக்ஸை அம்மா இரவு உணவு கொடுக்காமல் அறைக்கு அனுப்பிவிடுகிறார். அவன் கற்பனையில் கடல் கடந்து போய்ப் பூதங்களுக்கு ராஜாவாகிறான். அவன் கோபம் பெருகப் பெருகப் படங்களும் பக்கத்தில் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஆட்டம் உச்சத்தில் இருக்கும் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. பிறகு அவனுக்கு வீட்டு நினைவு வருகிறது. திரும்பி வந்தால், அறையில் அவனுக்காகச் சாப்பாடு காத்திருக்கிறது, சூடு ஆறாமல். அம்மா மன்னித்துவிட்டார் என்று புத்தகம் சொல்லவே இல்லை. சோறு சூடாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பிள்ளைக்கு அது போதும்.

நெகிழ வைப்பது நீதி சொல்வதல்ல

'அன்பாக இரு' என்று சொல்லும் கதை வேறு, அன்பு நடப்பதைக் காட்டும் கதை வேறு. 1968ல் டான் ஃப்ரீமன் எழுதி வரைந்த 'கார்டுராய்' இரண்டாம் வகை. பெரிய கடை ஒன்றில் விற்பனைக்கு இருக்கும் கரடிப் பொம்மையின் உடையில் ஒரு பொத்தான் இல்லை. ஒரு சிறுமி அதைக் கேட்கிறாள். ஏற்கெனவே நிறையச் செலவாகிவிட்டது, பொம்மையும் புதிதாக இல்லை என்று அம்மா மறுக்கிறார். அன்றிரவு கரடி தன் பொத்தானைத் தேடிக் கடை முழுவதும் அலைகிறது. நகரும் படிக்கட்டை மலை என்று நினைத்துக்கொள்கிறது. மெத்தையில் உள்ள பொத்தானைத் தன்னுடையது என்று இழுத்து, விளக்கைத் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது.

மறுநாள் சிறுமி தன் உண்டியல் காசோடு வந்து கரடியை வாங்கிப் போகிறாள். வீட்டில் பொத்தானைத் தைத்துக் கொடுக்கிறாள். பொத்தான் இல்லாமலும் தனக்கு அதைப் பிடிக்கும் என்றும், அதன் வசதிக்காகத்தான் தைப்பதாகவும் சொல்கிறாள். குறையோடும் ஒருவரை நேசிக்கலாம் என்ற பெரிய விஷயம் இங்கே ஒரு பொத்தானில் அடங்கிவிடுகிறது. முன்பக்கத்தில் சிரித்த பிள்ளைதான் கடைசிப் பக்கத்தில் அமைதியாகிறது. சிரிப்பு மனத்தின் கதவைத் திறந்து வைத்ததால்தான் அன்பு தடையின்றி உள்ளே போக முடிந்தது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அந்தச் சிறுமி ஒரு கறுப்பினப் பிள்ளை. கறுப்பினச் சிறுவன் ஒருவன் பனியில் விளையாடும் கதையான 'தி ஸ்னோயி டே' 1962ல் வந்து, மறு ஆண்டு கால்டிகாட் பதக்கத்தையும் பெற்றிருந்தது. அதற்கு முன்னர், அமெரிக்கப் படப் புத்தகங்களில் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் மிக அரிதாகவே தென்பட்டன. தன்னைப் போன்ற முகமும் தன் வீட்டைப் போன்ற வீடும் புத்தகத்தில் வரும்போது, 'இது எனக்கும் உரியது' என்று பிள்ளை உணர்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

'இன்னொரு தடவை' என்பது வீண் பிடிவாதமா?

ஒரே புத்தகத்தை முப்பதாவது முறை படிக்கச் சொன்னால் பெற்றோருக்குச் சலிப்பு வருவது இயல்பு. ஆனால், பிள்ளை அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிக்கா ஹார்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டன. மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள் படிக்கப்பட்டன. புதிய சொற்களை அதிகம் கற்றவர்கள், ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்களே.

படப் புத்தகத்தின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. அச்சுத் தாளை மடிக்கும் முறையால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில் வருகின்றன. எனவே பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கங்களில் முடிந்துவிடும். எழுத்தாளர் அந்தச் சிறிய இடத்துக்குள் ஒவ்வொரு பக்கத் திருப்பத்தையும் ஒரு சின்னக் கதவாக ஆக்குகிறார். 'அப்புறம் என்ன?' என்ற ஆவலோடு பக்கம் திரும்புகிறது. முதல் முறை அது ஆச்சரியம். பத்தாவது முறை, வரப்போவது தெரிந்தே காத்திருக்கும் இன்பம். நாளுக்கு நாள் மாறும் உலகில், நேற்று விழுந்த நரி இன்றும் அதே இடத்தில் விழுகிறது என்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

மடியும் குரலும்

சொற்கள் குறைவாக உள்ள புத்தகத்தால் மொழி வளருமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2015ல் 100 படப் புத்தகங்களில் உள்ள சொற்களை, பெரியவர்கள் பிள்ளைகளோடு பேசும் பேச்சில் உள்ள சொற்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே அளவு பேச்சையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டால், புத்தகங்களில் ஏறத்தாழ 1.7 மடங்கு அதிகமான வெவ்வேறு சொற்கள் இருந்தன. வீட்டுப் பேச்சு 'சாப்பிடு, குளி, தூங்கு' என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றும். புத்தகமோ பிள்ளையைப் பண்ணைக்கும் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிப் போகிறது.

அதைவிட முக்கியமானது, எப்படிப் படிக்கிறோம் என்பது. 1988ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் தலைமையிலான ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு ஒரு சிறு பயிற்சி தரப்பட்டது. வெறுமனே வாசித்துக்கொண்டு போகாமல், 'இது என்ன செய்கிறது?', 'இப்போது என்ன ஆகும்?' என்று கேட்பது, பிள்ளை சொல்வதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்வது ஆகியவைதான் அந்தப் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சுத் திறன் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது.

கைத்தொலைபேசியில் கதை சொல்லும் காணொளிகள் இன்று எத்தனையோ கிடைக்கின்றன. அவை அழகாகவும் இருக்கலாம். ஆனால், பிள்ளை 'நரி!' என்று கத்தும்போது காணொளி நிற்காது. பிள்ளையின் முகத்தையும் பார்க்காது. அம்மாவோ அப்பாவோ நிறுத்தி, 'ஐயோ, எங்கே?' என்று கேட்பார்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது.

எந்த மொழியில் சிரிப்பது?

சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020ல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இந்தச் சரிவுக்கு மாற்றாகப் பெற்றோர் பலர் துணைப்பாட வகுப்புகளையும் பயிற்சி நூல்களையும் நாடுகிறார்கள். அவற்றால் தேர்வில் தேறலாம். ஆனால், ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சிரித்து, ஆங்கிலத்தில் கொஞ்சப்பட்டு, தமிழில் திருத்தம் மட்டும் பெற்றால், தமிழ் அதற்குச் சிவப்பு மையின் மொழியாகிவிடும். எந்த மொழியில் பிள்ளை மடியில் சாய்ந்து சிரித்ததோ, அந்த மொழிதான் அதன் சொந்த மொழி.

இங்கேதான், 'சொற்கள் குறைவு' என்று பெற்றோர் குறை சொன்ன அதே புத்தகம் கைகொடுக்கிறது. 'ரோசிஸ் வாக்' புத்தகத்தில் நரிக்கு ஒரு சொல்லும் இல்லை என்று பார்த்தோம். அப்படியானால் நரியின் கதையைச் சொல்ல வேண்டியது யார்? படித்துக் காட்டுபவர்தான். நரி குளத்தில் விழும்போது 'தொபுக்கடீர்!' என்று சொல்லிப் பாருங்கள். மாவு கொட்டும்போது 'சொரசொர', தேனீ துரத்தும்போது 'ரீங்', நரி ஓடும்போது 'குடுகுடு'. ஒலியை வைத்தே ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்தும் சொற்கள் தமிழில் எத்தனை! புத்தகம் எந்த நாட்டில் அச்சானால் என்ன, அதில் விடப்பட்ட காலியிடம் வீட்டு மொழிக்கு உரியது.

தமிழ்ப் புத்தகங்களைப் படிப்பதில் பெற்றோருக்கு ஒரு தயக்கம் உண்டு. அச்சில் இருப்பது எழுத்துத் தமிழ். வீட்டில் பேசுவது பேச்சுத் தமிழ். 'நரி விழுந்துவிட்டது' என்று வாசித்தால் பிள்ளை விழிக்கிறது; 'நரி விழுந்துருச்சு' என்றால் சிரிக்கிறது. இதில் தவறு ஏதும் இல்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வே, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதல் சில முறை பேச்சுத் தமிழில் சொல்லலாம். கதை பழகிய பின், அச்சில் உள்ளபடியே வாசிக்கலாம். தெரிந்த கதையின் தோளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எழுத்துத் தமிழுக்குள் வந்துவிடும்.

தமிழிலேயே நல்ல படப் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1996ல் தொடங்கப்பட்ட துலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த, சளி பிடித்த யானையைப் பற்றிய 'கஜபதி குலபதி' அவற்றுள் ஒன்று. பிரதம் புக்ஸ் அமைப்பு 2015ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையத் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். சிங்கப்பூரின் பொது நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்களை இரவல் பெறலாம். வாசிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டியிடமும் படம் மட்டும் உள்ள புத்தகத்தைக் கொடுக்கலாம். எழுத்து இல்லாத இடத்தில் அவர்கள்தான் நல்ல கதைசொல்லிகள்.

பெற்றோர் கவனிக்கச் சில குறிப்புகள்

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, முதலில் சொற்களை மூடிவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். சொல்லில் இல்லாத ஏதாவது படத்தில் நடக்கிறதா? அப்படியானால் அது நல்ல புத்தகம். ஒருவரை இழிவுபடுத்திச் சிரிக்க வைக்கிறதா, நிலைமையால் சிரிக்க வைக்கிறதா என்று பாருங்கள். நிறத்தையும் பருமனையும் கேலி செய்யும் சிரிப்பு பிள்ளைக்கு வேண்டாம். கதை முடியும்போது பிள்ளை பத்திரமான ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறதா என்பதும் முக்கியம். தூங்கப் போகும் நேரத்தில் படிப்பதற்கு அது அவசியம்.

படித்து முடித்ததும் 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி மடியை வகுப்பறையாக்கிவிடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். வேலை முடிந்து களைத்து வரும் தந்தைக்கும் அது முடியாத காரியம் அல்ல. குரலை மாற்றிப் பேசத் தெரியவில்லையே என்று கூச்சப்படவும் தேவையில்லை. பிள்ளைக்கு அந்தக் குரல் ஏற்கெனவே பிடிக்கும்.

பயிற்சிப் புத்தகம் பிள்ளைக்கு எழுத்தைத் தரும், அதுவும் வேண்டியதுதான். ஆனால், அந்த எழுத்தைக் கொண்டு படிக்க வேண்டும் என்ற ஆசை, நரி குளத்தில் விழுந்த இரவில்தான் பிறக்கிறது. அந்த ஆசை தமிழில் பிறக்குமா என்பது, அப்போது பிள்ளையின் காதில் 'தொபுக்கடீர்' என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.